இரண்டு பதினேழு

“அம்மா, பதினேழு ரெண்டு இருக்கு. எதை முதல்ல ஏத்தணும்?” என்று மேஸ்திரி கேட்டபோது, காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாரோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது. போய்ப் பார்த்தாள். சிவப்புப் பெயிண்டில், எண் வெட்டிய அலுவலகத் தகட்டை வைத்துப் போட்ட ஒரே மாதிரி எழுத்தில், இரண்டு பதினேழு. பதினெட்டும் இரண்டு. அடக் கடவுளே!

மேம்பாலத்துக்காக அந்தப் பழைய கல்மண்டபத்தை இன்று எடுக்கிறார்கள். கல்லுக்குக் கல் எண் போட்டுக் கொடுத்தால் வேறிடத்தில் அப்படியே நிறுத்தித் தருவோம் என்ற ஒரு வரி உத்தரவுக்காக, அவள் ஆறு வருஷம் செருப்புத் தேய அலைந்திருந்தாள். எண் போட வந்தது அவளும் அவள் புருஷனும். இரண்டு பேருக்கும் ஒரே அலுவலகம். அந்த வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. எதற்கென்று இப்போது அவளுக்கே சரியாக நினைவில்லை. வாசலின் இடது தூணில் ஆரம்பித்து அவள் அப்படிப் போனாள், வலது தூணில் ஆரம்பித்து அவர் இப்படிப் போனார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்?

“ஆபீஸ்ல சொன்னபடி ரெண்டாவது ஆள் இருநூத்தொண்ணுல இருந்துதானே ஆரம்பிக்கணும்?” என்று புருஷன் கத்தினார்.

“ஆமா. அந்த ரெண்டாவது ஆள் நீங்கதான்னு நெனச்சேன்.”

“ஏன், நீயா இருந்தா ஆகாதா?”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “சண்டைய அப்புறம் வெச்சுக்குங்கம்மா. கிரேன் மதியம் வரைக்கும்தான். அதுக்கப்புறம் இடிக்கிற மெஷின் வந்துடும்.”

“ஏற்கெனவே போன லாரியில எத்தனை கல்லு?” என்று அவள் கேட்டாள்.

“நாப்பது. ரெண்டு பக்கத்துலயும் கலந்துதான் எடுத்தோம். ஆனா எந்தப் பக்கத்துக் கல்லை லாரியில எங்க அடுக்கினோம்னு எனக்குத் தெரியும்.”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆறு வருஷம் யாரை யாரையெல்லாமோ திட்டினாளே, கடைசியில் கெடுத்தது யார்?

புருஷன் பிரஷ்ஷை எடுத்தார். தன் பக்கத்து எண்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் கோடு இழுக்க ஆரம்பித்தார். “கோடு போட்டதெல்லாம் ரெண்டாவது ஆளோடது. எழுதிக்க” என்றார், திரும்பாமலே. அவள் எழுதிக்கொண்டாள். கோடு காய்வதற்குள் சங்கிலி கல்லைச் சுற்றியது.

அவர் எழுபதாம் எண்ணைத் தாண்டும்போது முதல் லாரி காலியாகத் திரும்பி வந்தது. டிரைவர் ஜன்னல் வழியே சிரித்தார்.

“ஒண்ணும் உடையலைம்மா. எல்லாத்தையும் பத்திரமா ஒரே குவியலாக் கொட்டிட்டு வந்துட்டேன்.”

அவர் பிரஷ் அப்படியே நின்றது. அதிலிருந்து பெயிண்ட் அவருடைய செருப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.