பின் சீட்டில் ஆள் இல்லாதபோது

அந்த அம்மா கொடுத்த தாளை மெக்கானிக் இரண்டாம் முறையாகப் படித்தார். வாழ்நாளெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னதால், மனதுக்குள் அவருக்கு லேப் அம்மா என்று பெயர் வைத்துவிட்டார். தாளில் கட்டம் போட்டு தேதி, நேரம், வண்டியில் இருந்தவர்கள் என்று எழுதியிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது இருபத்திரண்டு தடவை. இருபத்திரண்டுக்கும் எதிரே ஒரே பதில்தான்: நான் மட்டும்.

"சொன்னா சிரிக்கிறாங்க தம்பி. நான் தனியாப் போனாத்தான் இந்த லைட் வருது. என் பையன் குடும்பத்தோட வந்து ஏறினா, சமத்தா ஓடுது."

அது பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் கார். பேட்டரியின் சூட்டை அளக்கிற சென்சார் கெட்டுவிட்டதாக விளக்கு சொன்னது. வேறொரு பட்டறையில் இரண்டு தடவை புது சென்சார் போட்டு, ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் தடவை போனபோது அங்கிருந்தவன், "தனியா இருக்கறவங்களுக்கு இப்படி ஏதாவது தோணும்மா" என்றானாம். அதைச் சொல்லும்போது லேப் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அவருடைய மகன் போனில் வந்தான்.

"அண்ணே, வண்டியை விலைக்குப் பாக்க ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வரார். எங்க வீட்டோட வந்துடுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. வண்டி இருக்கற வரைக்கும் அம்மா நகர மாட்டாங்க. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லிடுங்களேன். எங்கயாவது நடுரோட்டுல நின்னுட்டா என்னண்ணே பண்றது?"

கெட்ட பையன் இல்லை. குரலில் பயம்தான் இருந்தது. "பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்தார்.

இந்த மாதிரி வண்டிகளை எப்போதும் இருவராகத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, சென்சார்கள் சொல்வதைத் திரையில் காட்டும் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்குக்கும் ஒரு கூட்டாளி இருந்தான், பதினோரு வருடம். பின் சீட்டில் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்ப்பதைவிட ஊர்வம்பு பேசுவதுதான் அதிகம். இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் கூப்பிட்டான் என்று வேறு தொழிலுக்குப் போனவன் போனவன்தான். முதலில் வாரம் ஒருமுறை போன் வந்தது. இப்போது பிறந்தநாளுக்கு ஒரு பொம்மைப் படம் வருகிறது, அதுவும் ஒருநாள் தள்ளி. வீட்டிலும் பேச ஆளில்லாத மெக்கானிக்குக்கு, வண்டிகளோடு மனதுக்குள்ளேயே பேசிப் பேசி, சில நாள் மாலையில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கும்போதுதான் தன் குரலையே கேட்பது போலிருக்கும்.

ஸ்கேனரை முன் சீட்டில் சாய்த்து வைத்துத் தனியாகவே கிளம்பினார். திரையில் பேட்டரியின் சூட்டைக் காட்டும் மூன்று எண்கள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று. இரண்டாவது வேகத்தடையில் ஏறி இறங்கியதும் நடு எண் மைனஸ் நாற்பதுக்கு விழுந்தது. விளக்கு எரிந்தது.

"வந்துட்டியா?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

சட்டை வியர்வையில் ஒட்டுகிற வெயிலில் பேட்டரி மட்டும் உறைந்து போகாது. எங்கோ இணைப்பு விட்டுப்போனால்தான் அப்படிக் காட்டும். ஓரமாக நிறுத்தினார். பேட்டரி இருப்பது பின் சீட்டுக்கு அடியில். சீட்டின் இடது மூலையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் முழங்காலை ஊன்றி ஸ்கேனரை எட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு. காலை எடுத்தார். மைனஸ் நாற்பது. ஊன்றினார், எடுத்தார். டூல் பெட்டியைத் தூக்கி அங்கே வைத்தார். முப்பத்திரண்டு, அசையவில்லை.

"டேய், இங்க வந்து பாரேன்!"

சொன்ன பிறகுதான் யாரும் இல்லை என்பது உறைத்தது. சாலையில் ஒரு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த வயதில் ஒரு வயருக்காக அழுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

பட்டறையில் பேட்டரியின் துண்டிப்பு பிளக்கைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மின்சாரம் வடிவதற்காகப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தார். பிறகு ரப்பர் கையுறையோடு சீட்டைக் கழற்றினார். சென்சாருக்குப் போகும் இணைப்பில் ஊசி மாதிரி ஒரு உலோகப் பின், மயிரிழை அளவு உள்ளே நகர்ந்திருந்தது. சீட்டின் அடித்தகடு அந்த வயர்மேல் படுகிறது. மேலே ஆள் உட்கார்ந்தால் தகடு அழுத்தும், அந்தப் பின் இணைப்பில் ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் விட்டுவிடும். அந்தப் பட்டறைக்காரர்கள் இருவராகப் போனார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? புதுப் பின் போட்டு, வயரைத் தகட்டுக்கு எட்டாமல் கட்டினார். காலிச் சீட்டோடு நான்கு வேகத்தடை ஏறி இறங்கியும் எண் அசையவில்லை.

மாலையில் லேப் அம்மா வந்ததும், முதலில் அவர் எதிரிலேயே மகனுக்குப் போன் போட்டார். "தம்பி, வண்டி ரெடி. அம்மா சொன்னதுதான் சரி, எழுத்து எழுத்தாச் சரி. வேணும்னா நான் எழுதியே தரேன்." "சரிண்ணே, வண்டி பாக்க வரவரை வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான் மகன்.

லேப் அம்மா பத்து வயது குறைந்தவர் மாதிரி நிமிர்ந்தார். மெக்கானிக் பின்னையும் தகட்டையும் காட்டி விளக்கிவிட்டு, "அந்த மூலையில வழக்கமா யாரும்மா உக்காருவாங்க?" என்று கேட்டார்.

"என் நாத்தனார். எங்க வீட்டுக்காரர் போனப்புறம் நாங்க ரெண்டு பேருந்தான். முன்னாடி உக்காந்தா தலை சுத்துமாம். மகாராணி பின்னாடி, நான் டிரைவர். வழி பூரா குறை சொல்லிட்டே வருவா." சிரித்தார். "போன வருஷம் ஒண்ணுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. நானும் போன் பண்ணல, அவளும் பண்ணல."

தாளில் முதல் தேதியும் போன வருடம்தான் என்று மெக்கானிக் சொல்லவில்லை.

லேப் அம்மா குனிந்து அந்தச் சீட்டைப் பார்த்தார். "அப்ப, இனிமே பின்னாடி ஆளே இல்லாட்டியும் ஓடுமா?"

"ஓடும்மா."

"ம்."

சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது நேராக்கி வைத்திருந்த நடுக்கண்ணாடியை எட்டிப் பிடித்தார். கொஞ்சம் கீழே சாய்த்தார், கொஞ்சம் இடது பக்கம். பின்னால் வருகிற வண்டி எதுவும் அதில் தெரியாது. சொல்லலாமா என்று மெக்கானிக் ஜன்னலருகே குனிந்தார். கண்ணாடியில் பின் சீட்டின் மூலையும் அந்தப் பள்ளமும் மட்டும் தெரிந்தன. லேப் அம்மா அதைப் பார்த்தபடியே, பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.