நான்காம் தொட்டியின் பட்டினி

ஊசி போடுவதற்கு முந்தைய இரண்டு நாள்கள் மீன்களுக்கு இரை கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி தங்கள் மீன்பண்ணையின் ஆறு தொட்டிகளின் முன்னும் அவள் தொங்கவிட்டிருந்தாள். இரைக்கிடங்கின் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். மீன்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், அந்த அறிவிப்பு யாருக்கு என்பது அவள் கணவருக்கு நன்றாகவே விளங்கியது.

சென்ற ஆண்டு ஏரிக் கூண்டுகளில் விட்ட மீன்களுக்கு, உடலெங்கும் செம்புண் வைக்கும் பாக்டீரியா நோய் வந்தது. ஒரே வாரத்தில் பாதி மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. அவற்றை வாளி வாளியாக அள்ளிக் குழியில் கொட்டியவள் அவள்தான். இனி, தடுப்பூசி போடாத மீன் ஒன்றுகூட ஏரியில் இறங்கக் கூடாது என்று அன்றே முடிவுசெய்துவிட்டாள்.

குறித்த நாளில் மீன் டாக்டரம்மா தம் உதவியாளர் இருவரோடு வந்தார். தொட்டிக்கு ஒரு மீனை மயக்க மருந்து கலந்த நீரில் கிடத்தி, வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். மூன்று தொட்டிகள் தேறின. நான்காம் தொட்டி மீனின் வயிறோ பந்துபோல் உப்பியிருந்தது.

"இது பட்டினி கிடந்த மீன் இல்லம்மா. விருந்து சாப்பிட்டுட்டு வந்த மீன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவர் மோட்டார் அறையின் கதவை, அதுவரை ஒருவரும் கண்டிராத அக்கறையோடு துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க வாங்க."

"கதவு துருப்பிடிச்சிருக்கு."

"அது ரெண்டு வருஷத்துத் துரு. ஓடிப் போயிடாது, வாங்க."

வந்து நின்றார். "ஒரு பிடிதான் போட்டேன்."

"ஒரு பிடிக்கா இந்த வயிறு?"

"சரி, ரெண்டு பிடின்னு வெச்சுக்கோ."

"சாவி என்கிட்ட இருக்கு. இரை எங்கிருந்து வந்துச்சு?"

"நீ சாவி வாங்குறதுக்கு முன்னாடியே அரை வாளி எடுத்து ஒளிச்சு வெச்சேன்." தலையைத் தொங்கப்போட்டார். "மத்ததெல்லாம் சும்மா கிடக்கு. இந்த நாலாம் நம்பர்தான், என் காலடிச் சத்தம் கேட்டாலே மொத்தமா ஓரத்துக்கு வந்து வாயைத் திறக்குதுங்க. நான் என்ன கல்லா?"

"நல்ல மனசுதான் சார்," என்றார் டாக்டரம்மா. "ஆனா வயிறு நிறைஞ்சிருந்தா ஊசி குடல்ல இறங்கிடும். மயக்கத்துல கக்கினா செவுள் அடைச்சு மீனும் செத்துடும்."

டாக்டரம்மா அன்று மாலையே வேறு பண்ணைக்குக் கிளம்பியாக வேண்டும். மறுபடி வர ஒரு மாதமாகும். ஊசி பலிக்க மூன்று வாரம் வேண்டும். அவ்வளவு நாள் வளர்ந்த மீன்களைத் தொட்டி தாங்காது.

கணவரைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மா, அந்தத் தொட்டிக்கு நானே போடலாமா?"

"முதல்ல என் பக்கத்துல உட்கார்ந்து நூறு மீனுக்குப் போடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன். விரல்ல குத்திக்கிட்டா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், ஞாபகம் இருக்கட்டும்."

மீனை மல்லாத்திப் பிடித்து, வயிற்றுத் துடுப்புக்குச் சற்று முன்னால் ஊசியை இறக்கக் கற்றாள். நூறு முடிந்ததும் டாக்டரம்மா மூன்று மீன்களை அறுத்துப் பார்த்தார். இரண்டில், மருந்து வயிற்றுக்குள் பால்வெள்ளைச் சொட்டாகத் தங்கியிருந்தது. ஒன்றில் சதைக்குள் போயிருந்தது.

"கை சாயுது. இன்னொரு நூறு போடுங்க."

இரண்டாம் முறை மூன்றும் சரியாக இருந்தன. மற்ற ஐந்து தொட்டி மீன்களுக்கும் ஊசி போட்டு முடித்ததும், டாக்டரம்மா திறக்காத மருந்துப் புட்டி ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

நான்காம் தொட்டிக்குப் பட்டினி புதிதாகத் தொடங்கியது. அந்த இரண்டு நாள்களும் கணவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மீன்களுக்குக் கேட்காதபடி பூனைபோல் நடமாடினார்.

மூன்றாம் நாள் அவர் வலையில் அள்ளி மயக்க நீரில் கிடத்தித் தர, அவள் ஊசி போட்டாள். தொள்ளாயிரம் மீன்கள், விரல்கள் மரத்துப்போயின. முடிவில் மூன்றை அறுத்துப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூணும் சரியா இருக்கு," என்றாள்.

அவர், மயக்கம் தெளிவதற்காக மீன்களை விட்டிருந்த நல்ல தண்ணீர்த் தொட்டியின்மேல் குனிந்து நின்றார். கடைசியாகச் சாய்ந்து கிடந்த மீனிடம், "எழுந்திருடா ராஜா," என்றார். அது மெல்ல நிமிர்ந்து நீந்தியது.

"இப்ப இரை போடலாமா?"

"நாளைக்குக் காலையிலதான்."

"இன்னைக்கும் பட்டினியா?"

அப்போதுதான் அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடப்பதைக் கண்டாள்.

"நீங்க ஏன் சாப்பிடல?"

"அதுங்க பார்த்துக்கிட்டே இருக்கும்போது எப்படி இறங்கும்?"

திட்டுவதற்காக மூன்று நாள்களாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களை அவள் அப்படியே விட்டுவிட்டாள். டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்க. வீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கிருந்து அதுங்களுக்குத் தெரியாது."