அலை உயரம்: பூஜ்யம்

பல் துலக்கிக்கொண்டே ஃபோனைப் பார்த்த தமிழினியின் கை அப்படியே நின்றது. கானத்தூர் மீனவர்களுக்காக அவள் செய்துகொடுத்த இணையப் பக்கத்தில் 'அலை உயரம் 0 மீட்டர், கடல் அமைதி' என்று பச்சையில் ஒளிர்ந்தது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் மாடம்பாக்கத்திலேயே பால்கனித் துணிகள் காற்றில் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தன. கடலில் எந்த நாளும் அலை பூஜ்யமாக இருக்காது.

லேப்டாப்பைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. கடலில் மிதக்கவிட்டிருந்த கருவி விடியலுக்கு முன்பிருந்தே எதையும் அனுப்பவில்லை. எண் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. வருவது எண்தானா என்று சோதிக்க அவள் நிரலில் ஒரு வரி எழுதித்தான் வைத்திருந்தாள். ஆனால் சோதிப்பதற்கு முன்பே வந்ததை எண்ணாக மாற்றச் சொல்லியிருந்தாள். நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி காலியிடத்தைப் பூஜ்யமாக்கியது. பூஜ்யமும் எண்தானே, சோதனையில் தேறிவிட்டது. எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவள், ஒன்றுமே வராவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

காலியிடத்தை முதலிலேயே பிடித்து நிறுத்தும்படி திருத்தினாள். பக்கம் சிவப்பாகி 'தகவல் இல்லை' என்றது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகும் மீனவர் வீராசாமியை அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். அவர் மனைவி பொன்னியின் எண்ணுக்குப் போட்டாள்; தமிழினியின் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள், உடனே எடுத்தாள்.

"பச்சை காட்டுதுன்னு சொல்லிட்டுதான் அது கடலுக்குப் போச்சு, பாப்பா. நான் வோணாம்னேன்."

தமிழினி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கானத்தூருக்குக் கிளம்பினாள். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஒவ்வொரு சிக்னலிலும் ஃபோனை எடுத்தாள், வைத்தாள். ஆபீசிலிருந்து வந்த அழைப்பைத் துண்டித்தாள். முன்னால் நின்ற தண்ணீர் லாரி நகரவே நகராது என்று தோன்றியது.

கரையில் ஆட்கள் இடுப்பளவு நீரில் நின்று, ஏறி இறங்கும் ஒரு ஃபைபர் படகைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னி வாயைச் சேலையால் பொத்தியிருந்தாள். கரையை நெருங்கியபோது படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது. தலை எதுவும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இரண்டு பேர் வீராசாமியை இழுத்து வந்தார்கள். தோள்மூட்டு நழுவி ஒரு கை தொங்கியது. மூச்சு இருந்தது; தண்ணீரைக் கக்கிவிட்டு மணலில் எழுந்து உட்கார்ந்தார்.

ஆட்டோவுக்கு ஆள் ஓடியபோது தமிழினி பொன்னியிடம் சொன்னாள். "பச்சை காட்டினது என் தப்புக்கா. கருவி ஒண்ணுமே அனுப்பல. அதை நான் பூஜ்யம்னு காட்டிட்டேன்."

பொன்னி வீராசாமி பக்கம் கையைக் காட்டினாள்.

"தனக்குக் கடல் பாக்கத் தெரியலையேன்னு நொந்துபோய்க் குந்திகினு கீது. நீயே போய் அதுகிட்ட சொல்லு."

வீராசாமி இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் கவிழ்ந்த படகை அலை தூக்கித் தூக்கி மணலில் அறைந்துகொண்டிருந்தது. தமிழினி செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமணலில் இறங்கினாள்.