முத்துநகரின் நான்காம் நம்பர்

நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியில் ரோஸ்மேரியின் கண்ணுக்குத் தப்பிய பழுது கிடையாது. செக்கிங் டேபிளில் அவள் உட்கார்ந்தாலே தையல்காரர்கள் தைத்ததை இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் அந்த வாரம் முழுக்க, ஒரு ஜெர்சியாவது பழுதாக வரக்கூடாதா என்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தாள்.

தேசியக் கால்பந்து லீக்கில் ஆடிவிட்டுக் காணாமல்போன கிளப்புகளின் ஜெர்சிகளை, ரசிகர்களுக்காக மறுபடி தைக்கும் ஆர்டர் வந்திருந்தது. லீக் என்றால் லேசா? பேர் மாறும், முதலாளி மாறுவார், நேற்றுக் கோப்பை தூக்கிய கிளப் நாளைக்கு இருக்காது. பின்னால் நின்ற கம்பெனி கையை விரித்தால் ஆடினவன் எல்லாம் நடுத்தெருவில். அப்படிக் கலைந்துபோன ஒன்றுதான் தூத்துக்குடியின் முத்துநகர் கிளப். அதில் இரண்டு சீசன் தடுப்பாட்டக்காரனாக நின்றவன் ரோஸ்மேரியின் புருஷன் ராஜ்கமல். முதுகில் நம்பர் நான்கு. கிளப்பை மூடிய அன்று போட்டிருந்த ஜெர்சியைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், பாவிகள். இப்போது அவன் அதே நெருப்பெரிச்சல் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கல்யாணமே கிளப் மூடிய பிறகுதான். அவன் ஆடி அவள் பார்த்ததில்லை.

வெள்ளையில் நீலப் பட்டை போட்ட முத்துநகர் ஜெர்சியின் முதல் கட்டு அயர்னுக்குப் போனபோது ராஜ்கமல் ஒவ்வொன்றாகத் தேய்த்து அடுக்கினான். நான்காம் நம்பர் வந்தால் மட்டும் அயர்ன் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் நீவிவிட்டான். தன் டேபிளிலிருந்து அதை ரோஸ்மேரி பார்த்தாள். ஒன்றையாவது இந்த மனுஷனுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

பழுதான பனியன்களை செகண்ட்ஸ் என்று ஒதுக்கி, வேலை செய்கிறவர்களுக்கே மலிவாகக் கொடுப்பது அங்கே வழக்கம். அதைத்தான் நம்பியிருந்தாள். தையல்காரர்களோ, என்றைக்கும் இல்லாத அக்கறையாக ஒரு தையல் விடாமல் தைத்துத் தள்ளினார்கள். கடைசிக் கட்டும் வந்துவிட்டது. நூல் வெட்டும் டிரிம்மர் கையிலேயே இருந்தது. ஒரு நான்காம் நம்பரின் கீழ்மடிப்பில் நறுக்கென்று வெட்டி, செகண்ட்ஸ் பெட்டியில் போட்டாள்.

சூப்பர்வைசர் சித்ரகலா பெட்டியைக் கிளறி அதை வெளியே எடுத்தாள்.

"அக்கா, லீக் முத்திரை இருக்கற பீஸை செகண்ட்ஸ்ல உடக்கூடாதுங்க. நெஞ்சுல வெட்டி வேஸ்ட்டுல போடச் சொல்லியிருக்காங்க."

ரோஸ்மேரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சட்டம் அவளுக்குத் தெரியாது. கொடுக்க நினைத்ததைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டாளே!

சித்ரகலா மடிப்பை விரலால் தடவினாள். "மிசினு உட்டுப்போன தையல் இப்படி வெட்டுனாப்புல இருக்காதுங்களே. ஆருக்குங்க இது?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "அவிய போட்டு ஆடுன நம்பரு, சித்ரா" என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

சித்ரகலா அயர்ன் டேபிளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்தாள். நெஞ்சுப் பக்கமே போகவில்லை. அக்குளிலிருந்து அடிவரை, விலாப் பக்கத் தையல் ஓடிய கோட்டிலேயே நிதானமாக வெட்டினாள்.

"வெட்டியாச்சுங்க. வேஸ்ட்டுத் துணி ஊட்டு மிசினு தொடைக்க ஆகுமுங்க, எடுத்துட்டுப் போங்க. இன்னொருக்கா டிரிம்மர்ல வெளையாடுனீங்கன்னா நானே ஆபீசுல சொல்லிப்போடுவேன்."

சாயங்காலம் வீட்டில் ரோஸ்மேரி அதை மூட்டிக் கொடுத்தாள். பிடித்துத் தைத்ததில் ஜெர்சி ஒரு சுற்றுச் சிறுத்திருந்தது. அவனோ இரண்டு சுற்றுப் பெருத்திருந்தான். மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டுக்கொண்ட ராஜ்கமல், முகத்தைக் காட்டாமல் சுவரைப் பார்த்தே நின்றான். தோள் குலுங்கியது.

அந்த நான்கை அவன் முதுகில் ரோஸ்மேரி பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"தெருமுனை வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடுங்களேன்" என்றாள். "நான் பாத்ததே இல்லல்லா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவன் ஓடினான்.