பத்துக்கு ஒன்பது

1

இந்தக் கதை என் இடுப்பில் பிறந்தது. சத்தியமாக! தண்ணீர் கேனைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதால், பெங்களூரு காக்ஸ் டவுனில் பிசியோதெரபிஸ்ட் ஜூலியா நடத்தும் பிலாட்டீஸ் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். பக்கத்துப் பயிற்சிக் கட்டிலில் சொர்ணம் இருந்தாள். எழுதாமல் எப்படி இருப்பேன், சொல்லுங்கள்!

2

தொடக்கம்: ‘அல்சூர் ஏரியின் மேல் மழை மெல்ல...’ (வேண்டாம். கதையில் ஏரியே இல்லை.)

இன்னொன்று: சொர்ணம் மர்பி டவுனில் ஆட்டோ ஓட்டுபவள். வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. பிரேக் மிதிக்கிற கால். ஜூலியா சரியென்றால்தான் மறுபடி ஆட்டோ. அது இல்லாமல் அவளுக்கு வாழ்க்கையே... (அழுகை வாடை. நிறுத்திவிட்டேன்.)

3

அந்தக் கட்டில் சறுக்கும். காலால் தள்ளினால் அடியிலுள்ள ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கும்.* கால் தேறத் தேற ஸ்பிரிங் எண்ணிக்கை கூட வேண்டும். சொர்ணத்துக்கோ வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது.

“வலி பத்துக்கு எவ்ளோக்கா?” என்பாள் ஜூலியா. முதலில் ஆறு. அப்புறம் ஏழு. ஒருநாள் பல்லெல்லாம் தெரிய, “ஒம்போது!” என்றாள் சொர்ணம்.

“ஒம்போதா? அப்ப மாடிப்படி எப்படி ஏறினீங்க?”

“ஓடியே வந்தேன் மேடம்! ஒம்போதுன்னா நல்ல மார்க்குதானே?”

“அய்யோ அக்கா, அது வலிக்குப் போடற மார்க்கு! நல்லாயிட்டா பூஜ்யம் சொல்லணும்.”

“பூஜ்யம் வாங்கிட்டு எவளாவது சந்தோஷமா இருப்பாளா?”

ஜூலியா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் சிரித்ததில் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது.

* முதல் நாள் நான் அலறிய அலறலைக் கதையில் சேர்க்கவில்லை.

4

அதற்கப்புறம் ஸ்பிரிங்குகள் மளமளவென்று ஏறின. இன்று பரீட்சை.

“அடிபட்ட கால் இந்தப் படிப்பலகை மேல இருக்கட்டும். மெதுவா மடக்கி, இன்னொரு குதிகாலால தரையத் தொடுங்க. முட்டி உள்ள சாயலேன்னா நாளைக்கே ஆட்டோ எடுங்க,” என்றாள் ஜூலியா.

முடிவு அ: சாய்கிறது. (எழுதிவிட்டு சொர்ணத்தின் முகத்தைப் பார்த்தேன். உடனே அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: சாயவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஆனேக்கல் வரை பறக்கிறாள். (இது என் ஆசை. அவள் முட்டியை யார் கேட்டது?)

சொர்ணம் என் நோட்டை எட்டிப் பார்த்தாள். “என்ன சார், என் முட்டிக்கு நீங்க தீர்ப்பு எழுதறீங்களா? கம்முனு இருங்க.”

பேனாவை மூடிவிட்டேன். அவள் பலகையில் ஏறிவிட்டாள். முழங்கால் மடங்குகிறது, குதிகால் இறங்குகிறது. ஜூலியாவும் நானும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் வாருங்கள், இடம் இருக்கிறது.