உதுமான் மூடிய குழாய்

உதுமான் தோல் பட்டறைக்காரர். பெல்ட், பர்ஸ், பை. எந்தத் துவாரத்தைக் கண்டாலும் அழகாக மூடிவிடத் துடிக்கும் கை அவருடையது. அந்தக் கைதான் அன்று அவரை மாட்டிவிட்டது.

மகள் சாயிராவைப் பார்க்க மாப்பிள்ளையின் தாயார் சைனப் காட்கோபரிலிருந்து வருகிறாள். வருமுன்னே சொல்லியனுப்பிவிட்டாள்: "பொண்ணு கறுப்பா செவப்பான்னு கேக்கல. பொதுக் கக்கூஸ் லைன்ல டப்பாவோட நிக்கிற வீடு மட்டும் வேண்டாம்."

நல்லவேளை, அந்தச் சந்துக்குச் சமீபத்தில்தான் விஞ்ஞானம் வந்திருந்தது. தாராவி மண்ணில் சரிவு கிடையாது. ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் எட்டிப் பார்க்கும். சாக்கடை தானாக ஓட மறுத்ததால், அதை உறிஞ்சி எடுக்க ஒரு சோதனைத் திட்டம். சந்து முனையில் வாக்குவம் ஸ்டேஷன். ரிப்பன் வெட்டிய அன்று மாட்டுங்காவிலிருந்து வந்த எஞ்சினீயர் வேங்கடசுப்ரமணியன், வந்த மாலைகளெல்லாம் வாடும்வரை எதிர்மறை அழுத்தம் பற்றிப் பேசினார். உதுமானுக்கு விளங்கியது ஒன்றுதான்: பெயர் ஸ்டேஷன், ஆனால் ரயில் வராது.

வீட்டுக்குள் கக்கூஸ் வந்தது. கூடவே வாசலில் இடுப்புயரத்துக்கு ஒரு குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கக்கூஸ் பக்கத்துக் குழாய் நாற்றத்தை வெளியே விடத்தான் என்பது பம்பாயில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சம்பந்தி வருகிற நாளில் நாற்றமா? உதுமான் எருமைத்தோலில் ஒரு வட்டம் வெட்டி, பசை தடவி, விளிம்பைத் தையல் போட்டு இறுக்கினார். ஏற்றுமதித் தரம்.

சைனப் வந்தாள். சாயிராவைப் பார்த்தாள், டீ குடித்தாள், பிறகு தான் உண்மையில் பார்க்க வந்ததைப் பார்க்க உள்ளே போனாள். வெளியே எல்லோரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கடகடவென்று ஒரு உறுமல். கடைசியில் பெரிதாக ஒரு 'களுக்'.

சைனப் ஓடிவந்தாள். பின்னாலேயே நாற்றமும் வந்தது.

"கக்கூஸ் கோப்பையில கெடந்த தண்ணிய உள்ளேருந்து யாரோ குடிச்சிட்டாங்க! ஜின்னு இருக்கிற வீட்டுலயா எனக்குச் சம்பந்தம்?"

"லாத்தா, எங்களுக்கே படுக்க எடமில்ல. ஜின்னுக்கு எங்க எடம்?" என்றார் உதுமான். எல்லாவற்றையும் மூடியும் நாற்றம் எப்படி வந்தது?

அவர் மனைவி மதீனா பீவி ஸ்டேஷனுக்கு ஓடி எஞ்சினீயரையே கூட்டிவந்தாள். யாராவது தன்னைக் கேள்வி கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கிடந்த மனிதர், வாசலிலேயே ஆரம்பித்தார்.

"ரொம்ப சிம்பிளாக்கும். ஸ்டேஷன்லே ஒரு பெரிய டாங்கி. பம்பு அதுலேர்ந்து காத்தை உறிஞ்சி வெளியே தள்ளிடும். அப்போ குழாய் பூரா காத்துக்குப் பட்டினி கிடக்கும். கேட்டேளா? உங்காத்துத் தண்ணி வாசல் குழியிலே சேரும். நிறைஞ்சா வால்வு தானே திறக்கும், கரண்டே வேண்டாம். அவ்வளவையும் இழுத்துண்டு போயிடும், பின்னாடியே காத்தும் போகும். டாங்கி நிறைஞ்சா இன்னொரு பம்பு பெரிய சாக்கடைக்குத் தள்ளும்."

"பின்னாடி போற காத்து எங்கேருந்து வருதாம்?" என்றாள் சைனப்.

"அதுக்குத்தானே இந்தக் குழா..."

எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள். தோல் தொப்பி பளபளவென்று மின்னியது.

உதுமான் மனசுக்குள் கணக்குப் போட்டார். சொன்னால் தான் முட்டாள். சொல்லாவிட்டால் வீட்டில் ஜின். சாயிராவுக்கு எது பரவாயில்லை? முட்டாள் தகப்பன் ஊரில் எல்லோருக்கும் உண்டு.

"நாந்தான் மூடினேன். நாத்தம் வந்துரக்கூடாதேன்னு."

"அது வெளியே விடற குழாய் இல்லை ஓய், உள்ளே இழுக்கற குழாய்! மூக்கைப் பொத்தினா வாயாலேதானே மூச்சு வாங்கணும்? கோப்பை வழியா இழுத்திருக்கு. நாத்தத்தைத் தடுத்துண்டிருந்ததே அந்தக் கோப்பைத் தண்ணிதான், அது போனதும் நாத்தம் மேலே வந்துடுத்து."

உதுமான் தோலைப் பிய்த்தெடுத்தார். எஞ்சினீயர் அத்தோடு போயிருக்கலாம். படித்தவர், நிரூபிக்காமல் போவாரா? வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, தன் கைக்குட்டையைக் குழாய் வாயில் விரித்தார். "பாருங்கோ."

பார்த்தார்கள். குழி நிறைந்தது, குழாய் ஒரு மூச்சு இழுத்தது, கைக்குட்டையைக் காணோம்.

"வெளிய வருமா சாப்?" என்றார் உதுமான்.

"தியரிப்படி..." என்றார் அவர்.

தியரி அறியாத கைக்குட்டை வால்வில் சிக்கிக்கொண்டது. வால்வு மூடவில்லை. குழாய் நிறுத்தாமல் உஸ்ஸென்று காற்றை இழுக்க, சந்து முழுவதற்குமான இழுவை இந்த ஒரு வீட்டு வழியே தீர்ந்துபோய், சந்து முனையில் பம்பு ஊளையிட்டது. "ஏ உதுமான், இங்க எதுவும் எறங்க மாட்டேங்குதே! என்னவே செஞ்சீரு?" என்று வீடுவீடாகக் குரல்கள். எஞ்சினீயர் ஓடுவதாகத் தெரியாத வேகத்தில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

சைனப் சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது.

"ஜின்னு இல்ல தம்பி, எஞ்சினீயருதான். நீங்களாவது நாந்தான்னு சொன்னீங்க. அவரு துணியப் போட்டுட்டு தியரிங்காரு. வெத்தில பாக்கு எடுங்க."

மதீனா பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தேடினாள். உதுமானுக்கு ஒன்றும் புரியவில்லை. கக்கூஸ் கெட்டுத்தானே கிடக்கிறது, சம்பந்தம் எப்படிக் கூடியது? தோல் வட்டம் இன்னும் கையில் இருந்தது. குழாய் உஸ்ஸென்று இழுத்துக்கொண்டே இருந்தது.

கை அரித்தது. மூடலாமா, கூடாதா?