திரும்பி வராத பந்து

ஆனி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்குத் தனப்பிரியா சேந்தமங்கலத்தில் பேருந்து ஏறினாள். அதன் பிறகு வெகுநாள் அந்த ஊருக்குப் போகும் எந்தப் பேருந்தும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் கடைக்கு உப்பு வாங்கப் புறப்படுகிறவர்கள்கூட ‘வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். அவள் ‘போறேன்’ என்றாள். அவளுடைய அப்பா மயில்சாமி பால் கறந்த கையோடு வாசலில் நின்றிருந்தார். ‘போயிட்டு வா’ என்று அவராவது சொல்லியிருக்கலாம். அவரும் ‘போ’ என்றார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வங்கி வேலையை விட்டுவிட்டு ஆறு மாத ஒப்பந்தத்தில் பந்து விளையாடப் போகிற மகளிடம் அவருக்கு வேறு சொல் வரவில்லை. அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான்.

அணியின் பெயர் நாமக்கல் ரிக்கர்ஸ். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒருவர் நடத்தினார். பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் எட்டு அணிகள். இரண்டு வருடமாக ரிக்கர்ஸ் எட்டாவது இடத்தில் இருந்தது. வீராங்கனைகள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டில் தங்கினார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை தனப்பிரியா ஊருக்குக் கிளம்பி, நாமக்கல்லில் பேருந்து மாறினாள். சேந்தமங்கலம் வந்தது. கூட வந்தவர்கள் இறங்கி அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். அவள் படியிலிருந்து கால் வைத்த இடம் மட்டும் நாமக்கல் பேருந்து நிலையமாக இருந்தது. ஆறு ஞாயிறு அப்படியே நடந்தது. ஏழாவது ஞாயிறு நடத்துநர், “ஏனுங்க அம்மிணி, இன்னைக்காச்சும் ஊடு போய்ச் சேருவீங்களா, இல்ல எங்ககூடவே சுத்தறீங்களா?” என்றார். பின் இருக்கையில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த ஞாயிறிலிருந்து அவள் பேருந்து நிலையத்துக்குப் போகவில்லை. ஆளில்லாத மைதானத்துக்குப் போனாள்.

பந்தும் அவளிடமிருந்து போக மட்டும் செய்தது. அவள் கையை விட்டுப் போனால் வளையத்தில் உரசாமல் வலைக்குள் இறங்கி, விழுந்த இடத்தில் துள்ளாமல் கிடந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் அப்படித்தான். ஆனால் அவளால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியவில்லை. தரைக்குப் போன பந்து கைக்கு வரவில்லை. மற்றவர்கள் அவளை நோக்கி வீசியதும் பாதி வழியில் விழுந்தது. இது பிடிபடுவதற்குள் அணி முதல் நான்கு ஆட்டங்களில் தோற்றது. பயிற்சியாளர் தீனதயாளன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அணியில் கூட ஆடும் ஆத்தூர்க்காரி ரஞ்சனியிடம், பந்தைத் தனப்பிரியாவுக்கு வீசாதே, கொண்டுபோய்க் கையில் கொடு என்றார். அதற்குப் பிறகு ரஞ்சனி கொடுத்தாள், தனப்பிரியா எறிந்தாள். பத்து ஆட்டங்கள் வரிசையாக ஜெயித்தார்கள். நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். விழுந்த பந்து எழும்பியாக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பத்திரிகைகள் புள்ளிகளை மட்டும் போட்டன.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவள் அப்பாவுக்குப் போன் செய்வாள். எடுப்பது தெரியும். அவர் குரல் வராது. அவள் அந்த வாரத்துப் புள்ளிகளைச் சொல்லிவிட்டு, சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு, சற்று நேரம் காதில் வைத்திருந்து அணைப்பாள். ஒருமுறை ரஞ்சனி தன் போனிலிருந்து அழைத்தபோது மயில்சாமி தெளிவாகப் பேசினார். “அவ பேசறது நல்லாக் கேக்குதுங்க சாமி. நாஞ் சொல்றதுதான் அங்க வந்து சேரல.” நேரில் வந்து கூட்டிப் போகலாமே என்று ரஞ்சனி கேட்டாள். “பால்மாடு நிக்குதுங்க. போறேன்னவ அவதானுங்க” என்றார் அவர். ரஞ்சனி இதை அப்படியே சொன்னாள். தனப்பிரியா ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

மார்கழியில், கோயம்புத்தூரில் இறுதிப்போட்டி. எதிரணி மதுரை. நான்கு நொடி மீதி இருக்கையில் ரிக்கர்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. தனப்பிரியாவைத் தள்ளிவிட்டதற்காக இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. நடுவர் பந்தை அவள் கையில் வைத்தார். அதற்குள் அவருக்கும் பழகியிருந்தது. முதலாவது வலையில் விழுந்தது. சமநிலை. இரண்டாவதும் விழும், கோப்பை கிடைக்கும் என்று அரங்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். அவள் பந்தை வாயருகே கொண்டுபோய், “போயிட்டு வா” என்றாள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதி, அவள் கைக்கே வந்தது. ஆறு மாதத்தில் அவளிடம் திரும்பி வந்த முதல் பொருள் அது. அவள் அதை நெஞ்சோடு ஒரு நொடி வைத்திருந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் எறிந்தாள். அது எப்போதும்போல வலைக்குள் போனது.

“ஏம்மா, மொதல்லயே சும்மா போட்டிருந்தாலே ஜெயிச்சிருப்போமே. என்னத்துக்கு இந்த விஷப்பரீட்சை?” என்றார் தீனதயாளன்.

“திரும்பி வருமான்னு பாத்தேனுங்க சார்.”

மறுநாள் கோப்பையை ஒரு ரிக் வண்டியின் மேல் வைத்து நாமக்கல்லைச் சுற்றி வந்தார்கள். தனப்பிரியா பாதியில் இறங்கிக்கொண்டு ரஞ்சனியிடம் ‘வாரேன்’ என்றாள். மூன்றேகால் பேருந்தில் நின்றபடியே போனாள். சேந்தமங்கலத்தில் கால் வைத்தபோது அது சேந்தமங்கலமாகவே இருந்தது. மரவள்ளிக் காட்டு வழியாக நடந்தாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னாயி தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா சாமி? உங்கப்பன் நேத்து டிவில உன்னையப் பாத்துட்டு, காலைல மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டாரு. உன்னையக் கூட்டியாரத்தான். மாட்டை எங்கிட்ட உட்டுருக்காரு.”

தனப்பிரியா போனை எடுத்து அழைத்தாள். மணி பூட்டிய வீட்டுக்குள் அடித்தது. அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க சின்னாயக்கா, கெளம்பறப்ப அப்பா வாரேன்னு சொன்னாருங்களா, போறேன்னு சொன்னாருங்களா?”